விக்டர் பார்னா: 22 தங்கமும் ஒரு பேக்ஹேண்டும் - வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஹங்கேரியின் டேபிள் டென்னிஸ் வீரர் விக்டர் பார்னா 5 முறை உலகச் சாம்பியன் என்று ஒரு புத்தகத்தில் இருக்கிறது. இன்னொன்றில் 22 முறை என்று இருக்கிறது. எதை நம்புவது?

பதில்: இரண்டையும் நம்பலாம். 5 என்பது ஆண்கள் ஒற்றையர் மட்டும்: 1930 பெர்லின், 1932 ப்ராக், 1933 பாடன், 1934 பாரிஸ், 1935 லண்டன் வெம்ப்ளி. 22 என்பது எல்லாப் பிரிவும் சேர்ந்த தங்கக் கணக்கு. ஒற்றையர் 5, ஆண்கள் இரட்டையர் 8, கலப்பு இரட்டையர் 2, குழுப் போட்டியான ஸ்வேத்லிங் கோப்பை 7. கூட்டிப் பாருங்கள், சரியாக வரும்.

ஆண்டுக் கணக்கிலும் ஒரு குழப்பம் உண்டு. 1934 என்று எழுதப்படும் பாரிஸ் போட்டி உண்மையில் நடந்தது 1933 டிசம்பரில். அந்த ஆண்டின் தொடக்கத்தில்தான் வியன்னாவுக்குப் பக்கத்திலுள்ள பாடனில் அவர் ஒற்றையர் பட்டம் வென்றிருந்தார். ஆக, ஒரே நாட்காட்டி ஆண்டில் இரண்டு உலகப் பட்டம். சிலர் பட்டியலில் பாரிஸை 1933 என்று போட்டுவிட்டு, 1934-ஐ விட்டுவிடுவார்கள். அப்போதுதான் '4 முறை சாம்பியன்' என்று தப்புத்தப்பாக அச்சாகிறது.

பெயரும் இரண்டு விதமாக வரும். 1911 ஆகஸ்ட் 24 அன்று புடாபெஸ்டில் பிறந்தபோது அவர் பெயர் க்யோஸோ பிரவுன். பழைய ஹங்கேரிய ஆவணங்களில் தேடுகிறவர்கள், அங்கே குடும்பப் பெயர்தான் முதலில் வரும் என்பதை மறக்க வேண்டாம்.

கேள்வி: அந்தக் காலத்தில் உலகப் போட்டி வருடா வருடம் நடந்தது. வந்து ஆடிய நாடுகளும் கொஞ்சம். அப்படியிருக்க அவரைச் சீனாவின் மா லாங்கோடு ஒப்பிடுவது நியாயமா?

பதில்: பாதி நியாயம். வருடா வருடம் நடந்ததால் வாய்ப்பு அதிகம் என்பது மறுக்க முடியாத உண்மை. மா லாங் ஒற்றையரில் மூன்று முறை வென்றது 2015, 2017, 2019-இல். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறைதான் அவருக்கு வாசல் திறந்தது. (மூன்றாவது பட்டம் கிடைத்த ஊர் புடாபெஸ்ட்.) சீனாவின் ஷுவாங் ஸடோங் 1961, 1963, 1965 என்று மூன்று தொடர்ச்சியாக வென்றதும் அதே கதைதான்.

ஆனால் 'எதிராளி இல்லை' என்பதை ஏற்க முடியாது. எதிராளிகள் இருந்தார்கள், பெரும்பாலோர் பார்னாவின் சொந்த அணியிலேயே இருந்தார்கள். 1930 முதல் 1935 வரை நடந்த ஆறு போட்டிகளிலும் ஒற்றையர் இறுதி ஆட்டத்தில் பார்னா இருந்தார். அந்த ஆறில் ஐந்தில் எதிரே நின்றவர் இன்னொரு ஹங்கேரியர். 1930-இலும் பாரிஸிலும் லாஸ்லோ பெல்லாக். 1931, 1932, 1935-இல் மிக்லோஷ் சபதோஷ். பாடனில் மட்டும் செக்கோஸ்லோவாகியாவின் ஸ்டனிஸ்லாவ் கோலார். தோற்றது ஒரே ஒரு முறை: 1931-இல், சொந்த ஊரான புடாபெஸ்டில், சபதோஷிடம்.

அவருக்கு முன்பும் ஹங்கேரி வெறும் கையோடு இல்லை. 1926 டிசம்பரில் லண்டனில் நடந்த முதல் உலகப் போட்டியில் ரோலண்ட் யாகோபி, 1928-இல் ஸ்டாக்ஹோமில் ஸோல்டான் மெக்லோவிட்ஸ். 1926-க்கும் 1935-க்கும் இடையில் நடந்த ஒன்பது போட்டிகளில் ஹங்கேரியின் கையை விட்டுப் போன ஒரே ஆண்கள் ஒற்றையர் பட்டம் 1929-இல். அதை எடுத்துப் போனவர் இங்கிலாந்தின் ஃப்ரெட் பெர்ரி; பின்னாளில் விம்பிள்டனில் மூன்று முறை வென்ற அதே பெர்ரிதான். பெண்கள் பக்கம் மரியா மெத்னியான்ஸ்கி முதல் ஐந்து ஒற்றையர் பட்டங்களையும் வரிசையாக எடுத்துக்கொண்டார். மொத்தம் 18 தங்கம். அவருக்குப் பின் 1932, 1933 இரண்டையும் அன்னா ஷிபோஷ் வென்றார்.

எங்களைக் கேட்டால், பார்னாவின் ஒற்றையர் சாதனையைவிட இரட்டையர் சாதனைதான் உடைக்கக் கடினம். 1929 முதல் 1935 வரை நடந்த ஏழு போட்டிகளிலும் ஆண்கள் இரட்டையர் பட்டம் அவருடையது. ஆறு முறை சபதோஷோடு, 1933-இல் மட்டும் ஷாண்டோர் கிளான்ட்ஸோடு. கூட்டாளியை மாற்றியும் பட்டம் கைமாறவில்லை. இரட்டையரில் இருவரும் மாறி மாறித்தான் பந்தை அடிக்க வேண்டும். ஒருவர் அடித்துவிட்டு விலகாவிட்டால் மற்றவருக்கு இடமே கிடைக்காது. மேசையை ஒட்டி நின்று, குறைந்த வீச்சில் பேக்ஹேண்ட் (புறங்கைப் பக்கத்தால் அடிப்பது) அடிக்கக்கூடியவர் சட்டென்று ஒதுங்கிவிடலாம். பின்னால் போய்ப் பெரிய வீச்சு வீசுகிறவருக்கு அது முடியாது.

கேள்வி: அவருடைய மிகச் சிறந்த ஆண்டு எது?

பதில்: 1935. வெம்ப்ளியில் ஒற்றையர், சபதோஷோடு ஆண்கள் இரட்டையர், அன்னா ஷிபோஷோடு கலப்பு இரட்டையர், ஸ்வேத்லிங் கோப்பை என்று ஓர் ஆண் ஆடக்கூடிய நான்கு பிரிவுகளிலும் தங்கம். 1932-இலும் இப்படி நடந்திருக்க வேண்டியது. ப்ராகில் மூன்று தனிப் பிரிவுகளையும் வென்றுவிட்டார். கோப்பையைச் செக்கோஸ்லோவாகியா கொண்டுபோய்விட்டது. அந்தக் கோப்பையில் அணிக்கு மூன்று பேர், ஒவ்வொருவரும் எதிரணியின் மூவரோடும் ஆடுவார்கள், முதலில் 5 ஆட்டம் வென்ற அணிக்கு வெற்றி. பார்னா தன் மூன்றையும் வென்றாலும் மற்ற இருவரும் சேர்ந்து குறைந்தது இரண்டு எடுத்தாக வேண்டும். தனி ஒருவரால் வெல்ல முடியாதபடி அமைந்த முறை அது.

கேள்வி: 'பார்னா ஃபிளிக்' என்று பயிற்சியாளர்கள் சொல்கிறார்கள். இன்று எல்லோரும் அடிக்கும் பேக்ஹேண்ட் ஃபிளிக்கும் அதுவும் ஒன்றா? அதை எப்படிப் பழகுவது?

பதில்: ஒன்றல்ல. இன்றைய ஃபிளிக் பெரும்பாலும் மேசைக்கு மேலேயே, குட்டையாக வந்த பந்தின் பக்கவாட்டை மணிக்கட்டால் சுற்றி வழித்து எடுப்பது. ஸ்பாஞ்ச் ரப்பர் பந்தைக் கவ்விப் பிடிப்பதால்தான் அது நடக்கிறது. பார்னா கையில் இருந்தது பலகையின் மேல் நேரடியாக ஒட்டிய புள்ளி ரப்பர், அதாவது மேற்பரப்பில் சிறு முனைகள் புடைத்திருக்கும் ரப்பர். அடியில் ஸ்பாஞ்ச் கிடையாது. அதில் பந்து தங்காது, பட்டவுடன் கிளம்பிவிடும். ஆகவே அவருடையது சுழலை நம்பிய அடியல்ல, நேரத்தை நம்பிய அடி. வலக்கை வீரரான அவர் மேசையை ஒட்டி நின்று, பந்து எழும்பியதுமே முழங்கையை அச்சாக வைத்து முன்கையை வீசி, கடைசி நொடியில் மணிக்கட்டை வெட்டிவிடுவார். பெரும்பாலோர் பேக்ஹேண்டைத் தடுப்பதற்கு மட்டும் வைத்திருந்த காலத்தில், அதைக் கொண்டே புள்ளி எடுத்தார்.

பழக விரும்புகிறவர்களுக்கு, வலக்கைக்காரர் என்று வைத்துக்கொண்டு சொல்கிறோம்.

மேசை விளிம்பிலிருந்து ஒரு கை நீளத்துக்கு மேல் தள்ளி நிற்க வேண்டாம். வலது கால் அரை அடி முன்னால். முழங்கை உடம்பிலிருந்து ஒரு சாண் தள்ளி, இடுப்பு உயரத்துக்குச் சற்று மேலே. பேட் இடது இடுப்பருகே தொடங்க வேண்டும். பின்னால் இழுக்கும் தூரம் 30 செ.மீ. போதும். பந்தை உடம்புக்கு முன்னால், வயிற்றுக்கு நேரே சந்தியுங்கள். எழும் பந்து உச்சிக்கு வரும் கணத்தில், அல்லது அதற்குச் சற்று முன்னால் அடி விழ வேண்டும். பந்து இறங்கத் தொடங்கிவிட்டால் இந்த அடியை விட்டுவிடுங்கள். சாப் (பந்தின் அடியை வெட்டிக் கீழ்ச்சுழல் கொடுக்கும் தற்காப்பு அடி) போட்டுத் திருப்புங்கள்.

முதல் கட்டத்தில் மணிக்கட்டைப் பூட்டிவைத்து, முன்கையால் மட்டும் அடியுங்கள். எதிரே நிற்பவர் சுழல் இல்லாத பந்தை ஒரே இடத்துக்கு 30 முறை போடட்டும். எதிர்ப்பக்கம் பேக்ஹேண்ட் மூலையில், விளிம்பிலிருந்து 30 செ.மீ. உள்ளே ஒரு தாளை விரித்துவையுங்கள். தாளிலோ அதை ஒட்டியோ 20 விழுந்த பிறகுதான் மணிக்கட்டைச் சேர்க்க வேண்டும். இந்த வரிசையை மாற்றிப் பழகினால் மணிக்கட்டு எல்லா வேலையையும் தன்மேல் போட்டுக்கொள்ளும், முன்கை செத்துப்போகும். அப்புறம் திருத்துவது பெரும்பாடு.

மூன்றாவது கட்டம்தான் அசல் சோதனை: சாப் பந்து. கீழ்ச்சுழலோடு வரும் பந்தை அதே பேட் முகத்தோடு அடித்தால் நேராக நெட்டில் போய் விழும். முகத்தைச் செங்குத்தாக, சில சமயம் சற்றே மேல்நோக்கித் திறந்து, வீச்சை முன்னோக்கியும் மேல்நோக்கியும் சம அளவில் கொண்டுபோக வேண்டும். புள்ளி ரப்பரில் எதிராளியின் சுழல் குறைவாகவே ஒட்டும் என்பது உங்களுக்குச் சாதகம். ஸ்பாஞ்ச் ரப்பரில் தூக்க வேண்டிய அளவுக்கு இதில் தூக்க வேண்டியதில்லை.

தப்பு எங்கே வருகிறது? பந்து தொடர்ந்து வலப்பக்கக் கோட்டுக்கு வெளியே போனால் அடியைச் சீக்கிரம் தொடங்கி மணிக்கட்டை முன்கூட்டியே வெட்டுகிறீர்கள். இடப்பக்கம் தப்பினால் பந்து தாமதமாகப் படுகிறது. நீளமாகப் போய் மேசையைத் தாண்டினால் முழங்கை மேலே கிளம்புகிறது. மடித்த கைக்குட்டை ஒன்றை அக்குளில் இடுக்கிக்கொண்டு அடித்துப் பாருங்கள், முழங்கை தூக்கினால் அது கீழே விழும். எல்லாம் சரியாக இருந்தும் அடியில் விசையே இல்லை என்றால் பிடியைப் பாருங்கள். இறுக்கிப் பிடித்த கையில் மணிக்கட்டு அசையாது. பேட் நழுவாத அளவுக்குப் பிடித்தால் போதும், அடி படும் கணத்தில் விரல்கள் தாமாக இறுகும்.

கேள்வி: அந்தக் காலத்தில் நெட் உயரமாக இருந்ததாமே? அதனால் ஆட்டத்தில் என்ன வித்தியாசம்?

பதில்: பெரிய வித்தியாசம். பார்னா பட்டம் வென்ற ஆண்டுகளில் நெட் 6¾ அங்குலம், அதாவது 17.1 செ.மீ. இப்போது 15.25 செ.மீ. வெறும் 2 செ.மீ. என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். மேசையின் நீளம் 2.74 மீட்டர், நெட் நடுவில், 1.37 மீட்டரில். மேசை விளிம்புக்கு நேர் மேலே நின்று நேர்கோட்டில் அடிக்கிற பந்து நெட்டை உரசிக்கொண்டு போய் எதிர் விளிம்பில் விழ வேண்டுமானால், அடிக்கும் இடம் நெட்டைப் போல் இருமடங்கு உயரத்தில் இருக்க வேண்டும். பந்தின் பருமனையும் புவியீர்ப்பையும் ஒதுக்கிவிட்டால், இன்றைய நெட்டுக்கு 30.5 செ.மீ.; அன்றைய நெட்டுக்கு 34.3 செ.மீ. நன்றாக வெட்டிய சாப் அந்த உயரத்துக்கு எழவே எழாது. ஸ்பாஞ்ச் இல்லாததால் மேற்சுழல் கொடுத்துப் பந்தை வளைத்து இறக்கவும் வழி குறைவு. ஆக, அடிக்கிறவனுக்குத்தான் ஆபத்து. தள்ளிக்கொண்டே இருப்பவனுக்கு நஷ்டமில்லை.

இதன் விளைவு 1936-இல் ப்ராகில் சந்தி சிரித்தது. போலந்தின் அலாய்ஸி எர்லிக், ருமேனியாவின் ஃபார்காஷ் பானெத் இருவரும் ஆடிய ஆட்டத்தில் ஒரே ஒரு புள்ளி இரண்டு மணி நேரத்துக்கு மேல் நீண்டது. மறு ஆண்டு பாடனில் பெண்கள் இறுதி ஆட்டம் நேரக் கெடுவைத் தாண்டியதால் பட்டம் யாருக்கும் இல்லை என்று அறிவித்தார்கள். அமெரிக்காவின் ரூத் ஆரன்ஸ், ஆஸ்திரியாவின் ட்ரூட் ப்ரிட்ஸி இருவரையும் கூட்டுச் சாம்பியன்கள் என்று ஏற்றுக்கொள்ள 2001 வரை ஆனது. இந்தக் கூத்துக்குப் பிறகுதான் நெட்டை 6 அங்குலத்துக்கு இறக்கினார்கள்.

இன்று இதைத் தடுக்க இருப்பது துரித விதி. ஒரு கேம் 10 நிமிடத்துக்குள் முடியாவிட்டால் அது அமலுக்கு வரும்; அதற்குள் இருவருமாகச் சேர்ந்து 18 புள்ளி எடுத்திருந்தால் வராது. விதி வந்தபின் ஒவ்வொரு புள்ளிக்கும் சர்வீஸ் மாறும். சர்வீஸை எதிர்கொள்பவர் 13 முறை பந்தைச் சரியாகத் திருப்பிவிட்டால் புள்ளி அவருக்கு. போட்டு ஆரம்பித்தவர் அதற்குள் அடித்து முடித்தாக வேண்டும்.

உயர நெட்டின் காலத்தில், சாப்புக்கு எதிராக பேக்ஹேண்டால் அடித்து வென்றவர் பார்னா. நெட் இறங்கியபோது அவருடைய ஒற்றையர் காலம் முடிந்துவிட்டிருந்தது. விதியின் விளையாட்டு என்று சொல்லத் தோன்றுகிறது.

கேள்வி: 1935-க்குப் பிறகு ஒற்றையரில் ஏன் வெல்லவில்லை?

பதில்: அந்த ஆண்டிலேயே கார் விபத்தில் வலது கையில் பலத்த காயம். அடிக்கிற கை அதுதான். அப்போது அவருக்கு வயது 23. தன் 22 தங்கங்களில் 20-ஐ அந்த வயதுக்குள் சேர்த்துவிட்டார் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. விபத்துக்குப் பின் வந்தவை இரண்டு: 1938-இல் ஹங்கேரி அணியில் ஸ்வேத்லிங் கோப்பை, 1939-இல் கெய்ரோவில் ரிச்சர்ட் பெர்க்மனோடு ஆண்கள் இரட்டையர். இந்தக் கடைசித் தங்கம் இங்கிலாந்தின் கணக்கில் சேரும். யூதரான பார்னா அதற்குள் இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்திருந்தார். வியன்னாவில் பிறந்த பெர்க்மனும் அப்படியே. சபதோஷ் ஆஸ்திரேலியா போனார். பெல்லாக் அமெரிக்கா போனார். ஒரே மேசையைச் சுற்றி நின்ற அணி மூன்று கண்டங்களுக்குச் சிதறியது. பார்னா 1972 பிப்ரவரியில், தென் அமெரிக்காவில் பயணத்தில் இருந்தபோது பெருவின் லிமாவில் காலமானார்.

கேள்வி: பார்னாவுக்குப் பின் ஹங்கேரி அவ்வளவுதானா?

பதில்: இல்லவே இல்லை. 1952-இல் பம்பாயில் நடந்த உலகப் போட்டியில் ஸ்வேத்லிங் கோப்பை ஹங்கேரிக்கு. ஆனால் அதே பம்பாயில்தான் ஜப்பானின் ஹிரோஜி சாத்தோ தடித்த ஸ்பாஞ்ச் ஒட்டிய பேட்டோடு வந்து, ஒற்றையர் இறுதியில் ஹங்கேரியின் யோஷெஃப் கோட்சியானை வீழ்த்தினார். புள்ளி ரப்பரில் 'டக் டக்' என்ற ஓசையைக் கேட்டே அடியின் வேகத்தைக் கணித்துப் பழகியவர்களுக்கு, சத்தமில்லாத அந்த பேட் புரியவில்லை. அடுத்த ஆண்டு புகாரெஸ்டில் ஃபெரென்ட்ஸ் ஷிதோ ஒற்றையர், இரட்டையர், கலப்பு இரட்டையர் மூன்றையும் வென்றார். அதன்பின் நீண்ட வறட்சி.

1971-இல் நகோயாவில் இஷ்த்வான் யோன்யேர், திபோர் கிளாம்பார் ஜோடி ஆண்கள் இரட்டையர் வென்றபோது மறுபடி தளிர்த்தது. 1975-இல் கல்கத்தாவில் யோன்யேர் ஒற்றையர் சாம்பியன். இறுதியில் யூகோஸ்லாவியாவின் அன்டுன் ஸ்டிபான்சிச்சிடம் முதல் இரண்டு கேம்களை இழந்துவிட்டு அடுத்த மூன்றையும் வென்றார். காபோர் கெர்கெய் கூட்டாளியாக, இரட்டையர் பட்டமும் அங்கேயே கிடைத்தது. 1979-இல் பியாங்யாங்கில் இந்த மூவர் சீனாவை 5-1 என்று அடித்து, 27 ஆண்டுக்குப் பின் ஸ்வேத்லிங் கோப்பையை மீட்டார்கள். பார்னா பள்ளியின் வாரிசு யார் என்றால் நாங்கள் கிளாம்பாரைத்தான் காட்டுவோம்: மேசையை ஒட்டி நிற்பது, பந்தை எழும்போதே எடுப்பது, அசாத்தியக் கைவேகம். 1981 உலகக் கோப்பை அவருடையது. 1988 சியோல் ஒலிம்பிக்கில் 35 வயதில் நான்காம் இடம்.

ஸ்பாஞ்சுக்கும் ரப்பருக்கும் இடையில் சைக்கிள் டியூப் ஒட்டும் பசையைப் பூசி வேகம் கூட்டும் வித்தையைப் பற்றிப் பேசும்போதும் கிளாம்பார் பெயர் அடிபடும்; யூகோஸ்லாவியாவின் ஷுர்பெக் பெயரும் கூடவே வரும். பசையிலுள்ள கரைப்பான் ஸ்பாஞ்சை உப்பவைத்து ரப்பரை இழுத்துப் பிடிக்கும்; பந்து துள்ளும். ஆவி பறந்ததும் வேகம் போய்விடும் என்பதால் ஆட்டத்துக்கு ஆட்டம் பூச வேண்டும். அந்த ஆவி மூச்சுக்குக் கேடு. 2008 செப்டம்பரிலிருந்து தடை.

கேள்வி: பார்னா காலத்து பேட் மாதிரி, ஸ்பாஞ்ச் இல்லாத புள்ளி ரப்பர் பேட்டை இன்றைய போட்டியில் பயன்படுத்தலாமா?

பதில்: தாராளமாக. ஸ்பாஞ்ச் இல்லாத, புள்ளிகள் வெளிப்பக்கம் இருக்கும் ரப்பர், பசையோடு சேர்த்து 2 மி.மீ.க்கு மிகக் கூடாது. ஒரு சதுர செ.மீ.க்கு 10 முதல் 30 புள்ளிகள், சீராகப் பரவியிருக்க வேண்டும். பேட்டின் ஒரு பக்கம் கறுப்பு, மறுபக்கம் கறுப்போடும் பந்தின் நிறத்தோடும் குழம்பாத பளிச்சென்ற நிறம். பலகையின் தடிமனில் 85 சதவீதமாவது இயற்கை மரம். ரப்பர் சர்வதேசக் கூட்டமைப்பின் அங்கீகாரப் பட்டியலில் இருக்க வேண்டும். தாத்தா காலத்து பேட்டை அப்படியே கொண்டுபோனால் இரண்டு பக்கமும் ஒரே நிறம் என்பதாலேயே நடுவர் திருப்பி அனுப்பிவிடுவார்.

ஸ்பாஞ்சிலிருந்து மாறுகிறவர்களுக்கு முதல் வாரம் பந்தெல்லாம் நெட்டில்தான் விழும். பேட் முகத்தை மூடி அடித்துப் பழகிய கை அது. முகத்தைத் திறங்கள், வீச்சைச் சுருக்குங்கள், ஓர் அடி முன்னால் வந்து நில்லுங்கள். சர்வீஸில் சுழலை நம்பிப் புள்ளி எடுத்தவர்களுக்கு அந்தப் புள்ளிகள் போய்விடும். நீளத்தையும் இடத்தையும் மாற்றிப் போட்டுத்தான் எடுக்க வேண்டும். புதிதாக வாங்கும்போது 5 அடுக்கு முழு மரப் பலகையாகக் கேளுங்கள். கார்பன் இழை வைத்த பலகையில் ஸ்பாஞ்ச் இல்லாமல் அடித்தால் பந்து கைக்கு அடங்காது.